பார்வை வாத்து

மரத்தில் செதுக்கிய பழைய வாத்து ஒன்றைச் சேகரிப்பாளர் கையில் கொடுத்துப் பாருங்கள். முகத்தையும் நிறத்தையும் ரசிப்பதற்கு முன்பே அதைக் கவிழ்த்து வயிற்றைப் பார்ப்பார். அங்கே ஓர் ஈயக் கட்டி ஆணியடித்திருக்கும். நங்கூரக் கயிறு கட்டத் தோலிலோ இரும்பிலோ ஒரு வளையம் இருக்கும். வேட்டைக்காரரின் பெயரையோ வேட்டைச் சங்கத்தின் பெயரையோ சூட்டுக்கோலால் பொறித்திருப்பார்கள். ஈயத்தை மாற்றி அடித்த பழைய ஆணித் துளைகளும் தெரியும். அலமாரியில் வைப்பதற்காகச் செய்ததா, தண்ணீரில் உழைத்ததா என்பதை அந்த வயிறு சொல்லிவிடும்.

ஆங்கிலத்தில் 'டிகாய்' எனப்படும் இந்தப் பொருளுக்குத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. பழக்கிய விலங்கையோ பறவையையோ கட்டிவைத்து, அதன் இனத்தை வரவழைத்துப் பிடிப்பதற்குச் சங்க காலத்திலேயே 'பார்வை' என்று பெயர். நற்றிணையில் 'பார்வை வேட்டுவன்' வருகிறான். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வீட்டு முற்றத்து விளாமரத்தின் அடிப்பகுதி, பார்வை மானைக் கட்டிக் கட்டித் தேய்ந்து போயிருக்கிறது. அங்கே உயிருள்ள மான், இங்கே செதுக்கிய மரம். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். எனவே இங்கே பார்வை வாத்து என்றே எழுதுகிறேன்.

வாத்து கூட்டமாக வாழும் பறவை. வானத்தில் பறந்துவரும் வாத்துகள், கீழே தம் இனம் நிம்மதியாக மிதப்பதைக் கண்டால் அந்த இடத்தில் இரை இருக்கிறது, ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளும். காற்றை எதிர்த்துத் தாழ்ந்து வந்து, கூட்டத்தின் நடுவே காலியாகக் கிடக்கும் நீர்ப்பரப்பில் இறங்கும். அந்தக் காலி இடம் தம் துப்பாக்கிக்கு எட்டும் தூரத்தில் அமையும்படி வேட்டைக்காரர்கள் மர வாத்துகளைப் பரப்பி வைப்பார்கள். சிலர் ஓரத்தில் ஒரு மரக் கடற்காக்கையையோ கொக்கையோ சேர்த்து வைப்பதும் உண்டு. எச்சரிக்கை மிகுந்த அந்தப் பறவைகளே அமைதியாக இருக்கின்றன என்றால் வாத்துகளுக்கு நம்பிக்கை கூடும்.

இந்த உத்தியை வட அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர்கள் ஐரோப்பியர் அல்லர். 1924இல் நெவாடா மாநிலத்தின் லவ்லாக் குகையில் அகழாய்வு செய்தவர்கள், கோரைத் தண்டுகளை மடக்கிக் கட்டி, பலவற்றுக்கு வண்ணம் தீட்டி, இறகு செருகிய 11 பார்வை வாத்துகளைக் கண்டெடுத்தார்கள். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியின் பழங்குடியினர் செய்தவை அவை. கேன்வாஸ்பேக் என்னும் வாத்தின் சரிந்த நெற்றியும் நீண்ட அலகும் அந்தக் கோரையில் அப்படியே வந்திருக்கின்றன. குடியேறிய வெள்ளையர்கள் இந்த முறையைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, கோரையின் இடத்தில் மரத்தை வைத்தார்கள். கோரை வாத்து சில பருவங்களில் சிதைந்துவிடும். மர வாத்தோ மகன் காலத்துக்கும் பேரன் காலத்துக்கும் நிற்கும்.

மரத்துக்கு மாறியது ஒரு பக்கம் இருக்க, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த வாத்துகள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டதற்குக் காரணம் சந்தை. ரயில் பாதைகளும் பனிக்கட்டியில் வைத்து இறைச்சி அனுப்பும் வசதியும் வந்தபின், கடலோர வளைகுடாக்களில் சுட்ட வாத்துகளை பால்டிமோர், பிலடெல்பியா, நியூயார்க் நகரங்களின் உணவகங்களுக்கு விற்க முடிந்தது. செசபீக் வளைகுடாவின் தலைப்பகுதியில், சஸ்குவெஹானா ஆறு கலக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பில், காட்டுச் செலரி எனப்படும் நீர்ப்புல் செழித்து வளர்ந்தது. அதைத் தின்று கொழுத்த கேன்வாஸ்பேக்கின் இறைச்சிக்குப் பெரும் விலை. வாத்து சுடுவதையே பிழைப்பாகக் கொண்ட குடும்பங்கள் அங்கே உருவாயின.

அவர்களுடைய கருவி பயங்கரமானது. சவப்பெட்டி அளவுள்ள ஒரு பெட்டி, அதன் நான்கு புறமும் மிதக்கும் சட்டங்கள், பெட்டியின் விளிம்பு நீர்மட்டத்தோடு சமமாக இருக்கும்படி பாரம். வேட்டைக்காரர் அதற்குள் மல்லாந்து படுத்திருப்பார். வாத்துகளின் கண்ணுக்கு அவர் தென்படவே மாட்டார். சட்டங்களை அழுத்திப் பிடிக்க வார்ப்பிரும்பு வாத்துகள், அவற்றைச் சுற்றிச் சில நூறு மர வாத்துகள். ஒரே பெட்டிக்கு இத்தனை வேண்டும் என்றால் ஒவ்வொன்றுக்கும் நாள்கணக்கில் உழைக்க முடியாது. செசபீக்கின் தலைப்பகுதியில் உள்ள ஆவர் டி கிரேஸ் என்ற ஊரின் வாத்துகள் அதனால்தான் அலங்காரமற்று, திடமாக, எளிய வண்ணத்தில் இருக்கின்றன. தொலைவிலிருந்து கூட்டமாகத் தெரிந்தால் போதும்.

பார்வை வாத்துகளில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான். ஒவ்வொரு நீர்நிலையும் தனக்கான வாத்தைத் தானே வடிவமைத்துக்கொண்டிருக்கிறது.

நியூஜெர்சியின் பார்னெகட் வளைகுடாவில் வேட்டைக்காரர் ஒருவர் மட்டுமே படுத்துச் செல்லக்கூடிய தட்டையான சிறு படகுகள் இருந்தன. அதில் கனமான வாத்துகளை அடுக்க முடியாது. எனவே அங்கே வெள்ளை சிடார் மரத்தை இரு பாதிகளாகக் குடைந்து ஒட்டி, உள்ளீடற்ற வாத்துகளைச் செய்தார்கள். டக்கர்டன் ஊரின் ஹாரி ஷோர்ட்ஸ் இதில் பெயர்பெற்றவர். சவரக் கடை நாற்காலியில் உட்கார்ந்து சவரம் முடிவதற்குள் ஒரு வாத்துத் தலையைச் செதுக்கி முடித்துவிடுவார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, அவர் கைவேகத்துக்கு எஞ்சியிருக்கும் வாத்துகளின் எண்ணிக்கையே சாட்சி.

மேய்ன் மாநிலத்தின் கடற்கரை பாறை நிறைந்தது, அலை முரட்டுத்தனமானது. அங்கே வாத்து அகலமாக, அடி தட்டையாக இருந்தால்தான் கவிழாது. தலை உடையாமலிருக்க, கழுத்தை உடம்பின் மேல் ஒட்டாமல் உடம்புக்குள் பள்ளம் வெட்டிப் பொருத்தினார்கள். கலங்கரை விளக்கத்தில் பணிபுரிந்த கஸ் வில்சன் என்பவரின் வாத்துகள் இந்த வகைக்குத் தலைசிறந்த சான்று. கழுத்தைத் திருப்பியும், தலையைத் தாழ்த்தியும், அலகில் சிப்பியைக் கவ்வியபடியும் அவர் செதுக்கியவை அந்தக் கடலின் முரட்டு அழகை அப்படியே வைத்திருக்கின்றன.

வர்ஜீனியாவின் காப் தீவில் மரம் அரிது. அங்கே வாழ்ந்த காப் குடும்பத்தினர், கரையில் மோதி உடைந்த கப்பல்களின் பாய்மரத் தண்டுகளை வெட்டி வாத்து செய்தார்கள். நேத்தன் காப் செய்தவற்றின் அடியில் 'என்' என்னும் ஆங்கில எழுத்து செதுக்கப்பட்டிருக்கும். லூசியானா சதுப்பு நிலங்களில் சைப்ரஸ் வேரும் டுபெலோ மரமும் கைக்குக் கிடைத்தன, அவற்றிலேயே செய்தார்கள்.

இல்லினாய் ஆற்றங்கரை வேறு உலகம். தண்ணீர் மெதுவாக ஓடும், வாத்து மிக அருகில் வந்து பார்க்கும். தொலைவிலிருந்து ஏமாற்றினால் போதாது. அதனால் அங்கே உள்ளீடற்ற, அடி உருண்ட, நளினமான வாத்துகள் உருவாயின. இறகுக்கு இறகு வண்ணம் தீட்டினார்கள், ஈரவண்ணத்தில் சீப்பை இழுத்து இறகின் வரிகளை வரவழைத்தார்கள். இந்த வண்ண வேலையில் பெண்களின் கை பெரிது. ராபர்ட் எலிஸ்டன் செதுக்கியவற்றுக்கு அவர் மனைவி கேத்தரின் வண்ணம் தீட்டினார். ஹென்றி ஊரின் சார்ல்ஸ் பெர்டியூ செதுக்கியவற்றில் பலவற்றுக்கு அவர் மனைவி எட்னா தீட்டினார். ஆனால் சந்தையில் அந்த வாத்துகள் கணவர் பெயரிலேயே வழங்குகின்றன. ஒரு வாத்தின் மதிப்பில் பெரும்பங்கு அதன் வண்ணத்தில்தான் இருக்கிறது என்று ஏற்றுக்கொண்ட துறையில் இது திருத்தப்பட வேண்டிய குறை என்றே நினைக்கிறேன்.

தொழிற்சாலைகளும் இருந்தன. டெட்ராய்ட் நகரின் மேசன் தொழிற்சாலை 1896 முதல் 1924 வரை கடைசல் இயந்திரத்தில் வாத்து உடல்களைக் கடைந்து, கையால் வண்ணம் தீட்டி, டஜன் கணக்கில் அஞ்சலில் விற்றது. உயர்தர வாத்துக்குக் கண்ணாடிக் கண். விலை குறையக் குறைய ஆணிக் கண், பிறகு வெறும் வண்ணக் கண். இன்று புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்களில் பலர் மேசன் வாத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். இயந்திரத்தில் கடைந்தது என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதன் சுழித்த தூரிகை வேலையை அருகில் வைத்துப் பார்த்தால், தீட்டியவர் நல்ல கைக்காரர் என்பது புரியும்.

இத்தனை வாத்துகளும் ஏன் ஒரு கட்டத்தில் வேலையிழந்தன? சுடுவதற்குப் பறவை குறைந்ததுதான் காரணம். லாப்ரடார் வாத்து 1870களிலேயே அழிந்துபோயிருந்தது. 1900இல் லேசி சட்டம், சட்டவிரோதமாகக் கொன்ற பறவைகளை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைத் தடுத்தது. 1918இல் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம், சந்தைக்காகச் சுடும் தொழிலையே முடித்துவைத்தது. 1935இல் உயிருள்ள வாத்துகளைக் கட்டிவைத்து வேட்டையாடுவதும், சவப்பெட்டி போன்ற அந்த மிதவைப் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. பொழுதுபோக்கு வேட்டை மட்டும் உரிமத்தோடு தொடர்ந்தது, அதற்கு மர வாத்து கொஞ்சம் தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலிவான பிளாஸ்டிக் வாத்து வந்து அந்தத் தேவையையும் எடுத்துக்கொண்டது. படகுக் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் கிடந்த மர வாத்துகளைப் பலர் அடுப்பில் போட்டு எரித்தார்கள்.

எரியாமல் மிஞ்சியவற்றுக்கு நாம் முதலில் நன்றி சொல்ல வேண்டியது ஜோயல் பார்பருக்கு. நியூயார்க்கில் கட்டடக் கலைஞராக இருந்த அவர், அந்தச் சட்டம் வந்த அதே 1918இல் பழைய வாத்துகளைச் சேர்க்கத் தொடங்கினார். வேட்டைக்காரர்கள் தேய்ந்த கருவி என்று பார்த்ததை அவர் சிற்பம் என்று பார்த்தார். வடிவத்தைப் பார்த்துப் பழகிய கட்டடக் கலைஞரின் கண் அது. அளவெடுத்து வரைந்தார், செய்தவர் யார், எந்தக் கரை, என்ன மரம் என்று விசாரித்துக் குறித்தார். 1923இல் லாங் ஐலண்டின் பெல்போர்ட் ஊரில் பார்வை வாத்துகளுக்கென்றே ஒரு போட்டிக் கண்காட்சி நடந்தது. 1934இல் இந்தப் பொருளைப் பற்றிய முதல் நூலை பார்பர் வெளியிட்டார். அவர் சேர்த்த ஏறத்தாழ 400 வாத்துகள் 1952இல் வெர்மான்ட் மாநிலத்தின் ஷெல்பர்ன் அருங்காட்சியகத்துக்குப் போயின. சாதாரண மக்கள் கையால் செய்த பொருள்களைத் தேடித்தேடிச் சேர்த்த எலெக்ட்ரா வெப் என்ற பெண்மணி 1947இல் நிறுவிய இடம் அது. போர்வைகள், கடைப் பலகைகள், காற்றுத்திசைகாட்டிகள் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வாத்தும் இடம்பெற்றபோது, நாட்டார் கலை என்ற தகுதி அதற்கு உறுதியானது. 1985இல் அமெரிக்க அஞ்சல் துறை நான்கு பார்வை வாத்துகளை 22 சென்ட் அஞ்சல்தலைகளாக வெளியிட்டது. அதை வெளியிடத் தேர்ந்தெடுத்த ஊர் ஷெல்பர்ன்.

நாட்டார் கலை என்ற சொல்லை இங்கே வலிந்து ஒட்டவைக்கவில்லை. செய்தவர்களில் பெரும்பாலோர் கலைப்பள்ளியில் படித்தவர்கள் இல்லை. ஆவர் டி கிரேஸ் ஊரின் மாடிசன் மிட்செல் இறுதிச் சடங்கு இல்லம் நடத்தியவர். மேரிலாண்டின் கிரிஸ்ஃபீல்ட் ஊரைச் சேர்ந்த ஸ்டீவ் வார்டு, லெம் வார்டு சகோதரர்கள் முடிதிருத்துபவர்கள். கைக்கோடாலியால் கட்டையைப் பிளந்து, இரு கைப்பிடி உள்ள கத்தியால் இழுத்துச் சீவி, முள் அரத்தால் தேய்த்து, வீட்டுக்கு அடிக்கும் எண்ணெய் வண்ணத்தையே பூசியவர்கள் இவர்கள். வடிவம் தந்தையிடமிருந்தோ பக்கத்துத் தோணிக்காரரிடமிருந்தோ வந்தது. நன்றாக இல்லாத வாத்தை விமர்சிக்க ஆள் தேவையில்லை. வானத்து வாத்து இறங்காமல் போய்விடும். அவ்வளவு கறாரான ரசிகர் வேறெந்த நாட்டார் கலைக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

வேட்டைக் கருவிக்கும் சிற்பத்துக்கும் நடுவே பாலம் போட்டவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் எல்மர் குரோவெல். 1862இல் பிறந்து 1952இல் மறைந்தார். மாசசூசெட்ஸின் கேப் காட் பகுதியில், கிழக்கு ஹார்விச் ஊர்க்காரர். பணக்கார வேட்டைக்காரர்களின் முகாமைப் பராமரிக்கும் வேலையில் இருந்தபோது, உயிருள்ள வாத்துகளைப் பழக்கி வைத்திருந்தார். நாள்முழுக்க அவற்றோடு இருந்தவருக்கு, அவை இறகு கோதுவதும், கழுத்தை முதுகில் செருகி உறங்குவதும், காற்று மாறினால் உடம்பைத் திருப்புவதும் மனப்பாடம். அதையெல்லாம் மரத்தில் கொண்டுவந்தார். நீரில் மிதக்கும் வாத்துகளோடு, மேசையில் வைக்கும் சின்னஞ்சிறு வாத்துகளையும் செய்து விற்றார். அடியில் அவர் அடித்த நீள்வட்ட முத்திரை இன்று சேகரிப்பாளர்களுக்கு மனப்பாடம்.

அவர் செதுக்கிய, இறகு கோதும் ஊசிவால் வாத்து ஒன்று 2003இல் ஏலத்தில் 8,01,500 டாலருக்குப் போனது. குளிர்காலத்தில் நம் வேடந்தாங்கலுக்கு வந்துபோகும் அதே ஊசிவால் வாத்து இனம்தான். 2007இல் ஊசிவால் வாத்து ஒன்றும், உறங்கும் கனடா பெருவாத்து ஒன்றும் தனிவிற்பனையில் ஒவ்வொன்றும் 11 லட்சத்து 30 ஆயிரம் டாலருக்குக் கைமாறின. 1973இல் வில்லியம் பௌமன் செதுக்கிய கரைப்பறவை ஒன்று 10,500 டாலர் தொட்டபோதே துறை வியந்துபோனது என்பதை நினைத்தால், இடைப்பட்ட 34 ஆண்டுகளில் என்ன நடந்தது என்பது விளங்கும். இந்த உச்ச விலைகளைப் பார்த்து யாரும் மிரள வேண்டாம். பெயர் தெரியாத கையால் செய்த, உழைத்துத் தேய்ந்த நல்ல வாத்துகள் இன்றும் சாதாரண விலையில் கிடைக்கின்றன.

விலையை முடிவுசெய்வது எது? செதுக்கியவர் பெயர், அரிதான தோரணை, பறவை இனம் எல்லாம் உண்டு. ஆனால் இவை அனைத்துக்கும் மேலே நிற்பது முதல் வண்ணம், அதாவது செய்தவரே பூசிய பூச்சு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உழைக்கும் வாத்துக்கு ஆண்டுதோறும் பருவம் தொடங்குமுன் மறுபூச்சு பூசுவது வழக்கம். உப்புத் தண்ணீரும் வெயிலும் வண்ணத்தைத் தின்றுவிடும். அதனால் மிகவும் உழைத்த வாத்தில் முதல் வண்ணம் எஞ்சுவது அரிது, எஞ்சியிருந்தால் அது அதிகம் உழைக்காததாகவும் இருக்கலாம். நல்ல சேகரிப்பாளர் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வாத்தைத் தேடுகிறார்: முதல் வண்ணம் வறண்டு, விளிம்புகளில் தேய்ந்து, கை பிடித்த கழுத்துப் பகுதியில் மரம் தெரியும் வாத்து. மேல்பூச்சைச் சுரண்டி அடிவண்ணத்தை வெளிக்கொணரும் நிபுணர்களும் உண்டு. வேட்டைக்காரர் பூசிய மறுபூச்சும் அந்த வாத்தின் வரலாறுதானே என்ற கேள்வி எனக்கு உண்டு. பார்வை மானைக் கட்டிய விளாமரத்தில் அந்தத் தேய்மானத்தைத்தான் புலவர் பார்த்தார்.

பணம் வந்த இடத்துக்குப் போலியும் வரும். பழைய உடம்பில் புதுத் தலை, புது மரத்தில் செயற்கையாக வெடிக்கவைத்த வண்ணம், பிறர் பெயரில் சூட்டு முத்திரை எல்லாம் நடக்கின்றன. பெரிய ஏல நிறுவனங்கள் வாத்துகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கின்றன. கழுத்துக்குள் இருக்கும் ஆணி பழையதா புதியதா, அலகு பின்னால் ஒட்டப்பட்டதா என்பது அதில் தெரியும். உடம்புக்குள் புதைந்துகிடக்கும் ஈயக் குண்டுகளும் தெரியும். வாத்தைச் சுட்டபோது பக்கத்தில் மிதந்த மர வாத்தின் மீதும் பாய்ந்தவை அவை. புற ஊதா விளக்கில் பிற்காலப் பூச்சு வேறு நிறத்தில் ஒளிரும். கருவி எதுவும் இல்லாதவருக்குக் கைதான் கருவி. நூறு உண்மையான வாத்துகளைத் தூக்கிப் பார்த்தவர் கைக்கு, போலியின் எடை பெரும்பாலும் உறுத்தும்.

வார்டு சகோதரர்கள் பிற்காலத்தில் தண்ணீரில் போடவே முடியாத, காட்சிக்கு மட்டுமான பறவைகளைச் செதுக்கினார்கள். அவர்கள் வழியில் இன்று இறகின் ஒவ்வொரு நரம்பையும் சூட்டு ஊசியால் கீறும் நுண்கலை ஒன்று வளர்ந்திருக்கிறது. திறமை மலைக்கவைக்கிறது. ஆனாலும் அவற்றின் அடியைக் கவிழ்த்துப் பார்க்கக் கை போவதில்லை.

கவிழ்த்துப் பார்த்தால் மனத்தைக் கனக்கவைப்பவை கரைப்பறவைகள். வாத்துகளோடு உள்ளான், உப்புக்கொத்தி போன்ற சிறு பறவைகளையும் அந்நாளில் சந்தைக்காகச் சுட்டார்கள், அவற்றுக்கும் மரத்தில் பார்வை செய்தார்கள். 1920களுக்குப் பிறகு இவற்றில் பெரும்பாலானவற்றைச் சுடுவது நின்றுபோனதால், வேட்டைக்காகச் செய்த கரைப்பறவைகள் எல்லாமே பழையவை. மாசசூசெட்ஸ் கரையில் செய்தவற்றில் சில எஸ்கிமோ கர்லூ என்னும் பறவையின் உருவம் என்று கருதப்படுகின்றன. ஆர்க்டிக்கில் குஞ்சு பொரித்து, தென் அமெரிக்காவுக்குப் பெருங்கூட்டமாக வலசை போன பறவை அது. கொழுத்து, சுட்டு விழும்போது மார்பு பிளந்து மாவு போலப் பிதுங்கும் என்பதால் அதை 'மாவுப் பறவை' என்று அழைத்தார்கள். 1962இல் டெக்சாஸின் கால்வஸ்டன் தீவில் அதைப் படம் பிடித்தார்கள். 1963இல் பார்படாஸில் ஒன்று சுடப்பட்டது. அதற்குப் பிறகு உறுதியான தடயம் இல்லை.

அந்த மரப் பறவையின் வயிற்றில் ஈயம் இல்லை, வளையமும் இல்லை. ஈர மணலில் நட்ட குச்சியின் மேல் நிறுத்துவதற்காக ஒரு துளை மட்டும் இருக்கிறது.